கி.பி. போட்ட கல்

தொடுங்கோ தம்பி, தொட்டுப் பாருங்கோ. தொடவேண்டாம் எண்டு மட்டை எழுதி ஒட்டினது நான்தான், அதால நான் சொல்லுறன், தொடலாம். கண்ணாடிப் பெட்டி இன்னும் வரேல்ல. நாளைக்கு விடியத்தான் கொண்டுவந்து மூடுவினமாம். பத்து மணிக்குத் திறப்பு விழா. பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் வருகினம். அதுக்குப் பிறகு வந்திருந்தா நீங்கள் கண்ணாடியைத்தான் தடவியிருப்பியள்.

ஓம், விளங்குது. உங்கட உம்மாவின்ர மீசான் கல்லு இதுதானோ எண்டு கேக்கிறியள். தலைமாட்டில நட்ட கல்லு. பேஸ்புக்கில படம் பாத்திட்டுப் புத்தளத்தில இருந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தது அதுக்குத்தான். வாப்பா படுக்கையில கிடக்கிறார். கண்ணை மூடமுந்தி அந்தக் கல்லு திரும்ப மையவாடியில, அவவை அடக்கின இடத்தில, நிக்கிறதைப் போனிலயெண்டாலும் பாக்கவேணும் எண்டு கேக்கிறார். ஓம் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும் உங்களுக்கு. இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், அதுக்குக் கால் சரியில்லை. இந்த வாங்கில இருங்கோ.

நான் இஞ்ச தலைவரில்லை, செயலாளரில்லை. மட்டை அடிக்கிற ஆள். யசிந்தா எண்டு பேர். கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில, முப்பது வருசம் டைப்பிஸ்டா இருந்து பென்சன் எடுத்தனான். மனுசன் செத்து, பிள்ளையள் மூண்டும் கனடா பிரான்ஸ் எண்டு போய், நான் வீட்டில சுவரோட கதைக்கத் தொடங்கேக்க மகள்தான் சொன்னவள், அம்மா எங்கயாவது போய் ஒரு தொண்டு செய்யுங்கோ எண்டு. கோயில்ல பூ வைக்கிற வேலைக்கு ஏற்கெனவே ஆறு பொம்பிளையள் அடிபடுகினம். அதால இந்த ஊர் வரலாற்றுக் கழகத்துக்கு வந்தன். நாலு வருசமாகுது. கூட்டுறது, தூசு தட்டுறது, மட்டை அடிக்கிறது, கூட்டத்துக்குத் தேத்தண்ணி ஊத்துறது. இதுதான் என்ர வரலாறு.

வந்த புதுசில எனக்கு நல்ல சந்தோசம், உள்ளதைச் சொல்லவேணும். பழைய படங்கள், பழைய கடிதங்கள், வலைக்குக் கட்டின ஈயக் குண்டுகள், ஆஸ்பத்திரிக் கட்டிலின்ர இரும்பு. ஒவ்வொண்டையும் துடைச்சு எழுதி வைக்கேக்க மனசுக்கு ஒரு ஆறுதல். பேந்துதான் ஆக்களைத் தெரிஞ்சுது. கருவாட்டுக் கொட்டில் மாதிரித்தான், றோட்டால போறவனுக்கு மணம் தெரியாது, உள்ள நிண்டு வேலை செய்யிறவளுக்குத்தான் ஓங்காளம்.

பேருக்கே மூண்டு கூட்டம் போனது, தெரியுமோ. கழகம் எண்டு வைக்கிறதோ மன்றம் எண்டு வைக்கிறதோ எண்டு. மன்றம் எண்ட நாலுபேரும் கடைசியில கோவிச்சுக்கொண்டு போய்த் தனிய மன்றம் துவங்கிட்டினம். இப்ப அவையளிட்டச் சாமான் இல்லை, எங்களிட்ட மனிசர் இல்லை. பெருக்க மரத்தை இந்த ஊருக்கு ஆர் கொண்டுவந்தது எண்டு ஒரு சண்டை. கழுதையை ஆர் கொண்டுவந்தது எண்டு இன்னொரு சண்டை. கழுதை றோட்டில நிண்டு இவையளைப் பாத்துக்கொண்டு நிக்கும். அதுக்கு ஒரு சண்டையும் இல்லை.

தோட்டவெளியில அருளம்மா எண்டு ஒரு மனுசி. ஒல்லாந்தற்ர காலத்து அலுமாரி ஒண்டு வைச்சிருந்தது, தலைமுறை தலைமுறையா வந்த சாமான். அழுதழுது எங்களிட்டத் தந்தது. இண்டைக்கு அந்த அலுமாரி எங்க எண்டு கேளுங்கோ. எங்கட தலைவர் அந்தோனிமுத்து மாஸ்டற்ர வீட்டுச் சாப்பாட்டறையில. பாதுகாப்புக்கு வைச்சிருக்காம். உள்ளுக்குப் பீங்கானும் கோப்பையும் அடுக்கியிருக்கு, என்ர கண்ணால கண்டனான். அருளம்மா பாக்க வந்தா, திருத்தக் குடுத்திருக்கு எண்டு சொல்லச் சொல்லி எனக்கு ஓடர். சொன்னனான். ரெண்டுதரம் வந்தது, ரெண்டுதரமும் சொன்னனான். அந்த மனுசி என்ர கையைப் பிடிச்சு, நீங்கள் இருக்கிறபடியால எனக்குப் பயமில்லை பிள்ளை எண்டிட்டுப் போனது.

இல்லை, நான் கதையை மாத்தேல்ல. கல்லுக்குத்தான் வாறன். உங்களுக்கு எங்கட ஆக்களின்ர குணம் தெரியாட்டி இந்தக் கல்லு இப்பிடி மாலை போட்டுக்கொண்டு நிக்கிறது விளங்காது. ஓம், அது மாலைதான், வாடிப்போச்சு. பத்திரிகைக்குப் படம் எடுக்கப் போட்டவை. மையவாடிக் கல்லுக்கு ஆரும் மாலை போடுவினமோ? போட்டவை.

ரெண்டு வருசத்துக்கு முந்தி. பரவைக்கடல் பக்கம் பனங்காணிக்குள்ளால றோட்டுப் போட பெக்கோ மெசின் விட்டுக் கிண்டினவங்கள். பத்தையோட சேத்துக் கல்லொண்டு வந்திட்டுது. மாஸ்டருக்கு ஆரோ போன் எடுத்துச் சொல்ல, மனுசன் சாரத்தோட ஓடினார். பின்னேரம் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில கல்லும் வருது, கல்லுக்குப் பக்கத்தில மாஸ்டரும் குந்திக்கொண்டு வாறார், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. இறக்கி வைச்சிட்டு, யசிந்தா, கழுவுங்கோ எண்டார். பல்லுத் தீட்டுற பிறஸ் ஒண்டு வாங்கிவந்து நான்தான் கழுவினனான். மண் போகப் போக எழுத்துத் தெரிஞ்சுது. மேல ரெண்டு எழுத்து. பேந்து ஒண்டுமில்லை, வழுவழுப்பு. கீழ நாலு இலக்கம், அரபு இலக்கம்.

மாஸ்டற்ர மருமகன் கட்டாரில வேலை. படத்தை வட்ஸப்பில அவனுக்கு அனுப்பினார். அவன் தன்னோட வேலை செய்யிற எகிப்துக்காரன் ஒருத்தனுக்குக் காட்ட, அவன் ஒரு கையில ரொட்டியோட நிண்டு பாத்திட்டு, முதல் எழுத்து ரெண்டும் ரஹ், மிச்சம் இல்லை, கீழ ஆயிரத்து நானூத்தி எட்டு எண்டு சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் சொன்னது. மாஸ்டர் அந்த வோய்சைத் திருப்பித் திருப்பி மூண்டுதரம் கேட்டார். கேட்டிட்டுப் பேனையை எடுத்தார். ரஹ் எண்டதோட மான் எண்டதைச் சேத்து ரஹ்மான் ஆக்கினார். ஆயிரத்து நானூத்தி எட்டுக்கு முன்னால கி.பி. எண்டு போட்டார். எகிப்துக்காரனும் கி.பி. சொல்லேல்ல, மருமகனும் சொல்லேல்ல. அந்த ரெண்டெழுத்தும் மாஸ்டற்ர பேனையில இருந்து வந்தது. நான் பக்கத்தில தேத்தண்ணித் தட்டோட நிண்டனான்.

இஞ்ச, மட்டையை வாசியுங்கோ. ரஹ்மான் என்னும் அராபிய வணிகரின் நினைவுக் கல், கி.பி. 1408. அறுநூறு வருசம். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில சரித்திரம் படிப்பிச்ச மனுசன், தம்பி. முப்பத்திரெண்டு வருசம் படிப்பிச்சது. தங்கட கலண்டரைவிட வேற கலண்டர் உலகத்தில இருக்கெண்டு ஒரு நாளாவது யோசிச்சுதோ எண்டா இல்லை. பாலன் பிறக்கிற நத்தாருக்குத் துவங்கி நத்தாருக்கு முடியிறதுதான் வருசம். றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கட சனம் தங்கட கல்லில தங்கட கணக்கைத்தானே வெட்டும்? எங்கட சேமக்காலையில நிக்கிற கல்லறைக் கல்லில நாங்கள் ஹிஜ்ரியோ போடுறம்?

ஒருத்தரும் கேக்கேல்லையோ எண்டு கேக்கிறியள். கேட்டவர் ஒருத்தர். சனூன் ஹாஜியார். கழகத்தில உங்கட ஆக்களில அவர் ஒராள்தான். கூட்டத்துக்கு வாறது, கடைசி வரிசையில இருக்கிறது, போறது. கல்லு வந்து ரெண்டாவது கிழமை, ஒருத்தரும் இல்லாத நேரம் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பாத்தார். நிமிந்து என்னைப் பாத்தார். தங்கச்சி, இது ஹிஜ்ரி எண்டார். நபி மக்காவை விட்டு வெளிக்கிட்ட ஆண்டில இருந்து எண்ணுற கணக்கு, இப்ப எங்களுக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பத்தஞ்சு நடக்குது எண்டார். நான் விரலை மடக்கி எண்ணினன். அறுநூறு இல்லை, நாப்பது வருசமும் இல்லை. எண்பத்தெட்டாம் ஆண்டுக் கல்லு.

அடுத்த கூட்டத்தில எழும்பிச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இருந்தார். றோல்ஸ் சாப்பிட்டார். போனார். படியில மறிச்சுக் கேட்டன், ஏன் ஹாஜியார் சொல்லேல்ல எண்டு. பெரியமடுவில இருக்கிற தன்ர வயலுக்குக் காணி உறுதி எங்க, பதிவில பேர் எங்க எண்டு கேக்கக் கேக்க எத்தினை கந்தோர் வாசல்ல நிண்டவராம். நேத்து வந்த ஆக்கள் எண்டு எங்களைச் சொல்லுற ஊரில, அறுநூறு வருசமா நாங்கள் இருக்கிறம் எண்டு அவங்களே எழுதித் தாறாங்கள், நான் ஏன் தங்கச்சி வேண்டாம் எண்டுவான் எண்டார். அந்த மனுசனை நிக்கவைச்ச கந்தோரில ஒண்டில நானும் இருந்தனான், டைப் மெசினுக்குப் பின்னால. மாஸ்டருக்குப் பேர் வேணும், ஹாஜியாருக்கு ஆதாரம் வேணும். அந்தக் கல்லுக்குக் கீழ படுத்திருந்த ஆளைப் பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் வேணாம்.

நானோ. நான் ஒருக்காச் சொன்னனான். சேர், அவையளின்ர ஆண்டுக் கணக்கு வேறயெல்லோ எண்டு. மெதுவாத்தான் சொன்னனான். மாஸ்டர் சிரிச்சார். யசிந்தா, ஆராய்ச்சியை எங்களிட்ட விட்டிட்டு நீங்கள் டைப் பண்ணுங்கோ எண்டார். நான் டைப் பண்ணினன். ஒரு பிழையில்லாமல் டைப் பண்ணினன், அதில என்னை அடிக்க ஆளில்லை.

பள்ளத்தைத்தான் பாக்கிறியள். எனக்குத் தெரியும், வந்ததில இருந்து உங்கட கண் அதிலதான். வாப்பாவிட்ட இருக்கிற படத்தில கல்லு பலகை மாதிரித் தட்டையா இருக்கெண்டியள், இதில நடுவில குழி விழுந்திருக்கு, அப்ப இது வேற ஆற்றையோ கல்லா இருக்கும் எண்டு யோசிக்கிறியள். அந்தப் பள்ளத்துக்கும் எங்கட கழகத்தில விளக்கம் இருக்கு. மட்டையில ரெண்டாவது பந்தி. வணிகர்கள் அத்தர் எண்ணெய் ஊற்றி வைக்கப் பயன்படுத்திய குழிவு. செயலாளர் இந்திராதேவி டீச்சற்ர கண்டுபிடிப்பு அது. பள்ளத்துக்குள்ள மூக்கை வைச்சு மணந்து பாத்திட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிசா ஒரு வாசம் வருது சேர் எண்டவ. மாஸ்டரும் குனிஞ்சு மணந்தார். தனக்கும் வருதாம். பேந்து ஆளாளுக்கு வரிசையில நிண்டு மணந்தவை. சீ. ஒரு செத்த மனுசியின்ர தலைமாட்டுக் கல்லை நாய் மாதிரி மோந்து பாத்துக்கொண்டு. நானும் மணந்தன். எனக்கும் ஒருத்தன் கல்லைக் காட்டி மணந்து பார் எண்டா மணக்கிற பழக்கம் வந்திட்டுது.

மனுசி எண்டு சொன்னனானோ? ஓம், சொன்னனான்தான்.

படத்தை ஒருக்காக் காட்டுங்கோ. போனில வைச்சிருக்கிறியளோ. கொஞ்சம் பெருப்பிச்சு விடுங்கோ, எனக்குக் கண் முந்தின மாதிரி இல்லை. சவூதியில இருந்த மாமாவுக்கு அனுப்ப எடுத்த படமோ. இவர்தான் வாப்பா. குந்திக்கொண்டு கல்லில கை வைச்சிருக்கிறார். மீராசா மேசன். ஓம், எனக்குத் தெரியும். இந்தக் கரையில அவரைத் தெரியாத வீடு இல்லையே. தன்ர கையாலதான் வெட்டினவர் எண்டு சொல்லுறியளோ. பள்ளிவாசல் லெப்பை கடதாசியில எழுதிக் குடுக்க, அதைக் கல்லில வைச்சு வெட்டினவர். அரபு எழுதத் தெரியாத மனுசன், பெண்சாதிக்காக ஒவ்வொரு எழுத்தா.

றஹீமா.

இல்லை, ஒண்டுமில்லை. பேரைச் சொல்லிப் பாத்தன். உங்கட உம்மா எனக்கு மெசின் தைக்கப் பழக்கினவ. கலியாணம் முடிச்சு வந்த புதுசில நான் றோட்டைக் கடந்து போறனான், பகல் சமையல் முடிஞ்ச கையோட. நீங்கள் அப்ப கைக்குழந்தை, ஏணைக்குள்ள கிடப்பியள். நான் கையைக் கோணலா வைச்சா ஊசியால குத்துறது மாதிரிப் பாவனை காட்டிச் சிரிப்பா. மவுத்தான அண்டைக்கு நான் வந்தனான். வீட்டுக்குத்தான். மையவாடிக்குப் பொம்பிளையள் போறதில்லையே, அதால கல்லை நான் அங்க கண்டதில்லை.

இப்ப படத்தில பிறைக்குப் பக்கத்தில பாருங்கோ. நட்சத்திரம். எத்தினை முனை? எண்ணுங்கோ. ஆறு. ஐஞ்சு வரவேண்டியதை வாப்பா கணக்குத் தவறி ஆறா வெட்டிப்போட்டார். இனிக் கல்லுக்கு வாங்கோ. மாலையைத் தூக்குங்கோ. மேல் மூலை. விரலால தடவி எண்ணுங்கோ. எங்கட மாஸ்டர் அதை மேல்நாட்டுக் கப்பல்காரற்ர அடையாளம் எண்டு தனியாக் கட்டுரை எழுதுறார்.

ஆறுதானே.

ஓம் தம்பி. இதுதான். உங்கட உம்மாவின்ர கல்லுத்தான். அழுங்கோ, பரவாயில்லை. மாஸ்டர் பதினொரு மணிக்குத்தான் வருவார். தண்ணி வேணுமோ. எனக்கு இது உங்கட உம்மாவின்ர எண்டு ஹாஜியார் ஹிஜ்ரி எண்டு சொன்ன அண்டைக்கே தெரியும். அந்த வருசம் ரஹ் எண்டு தொடங்கிற பேரில றோட்டுக்கு அந்தப் பக்கம் மவுத்தானது ஒரேயொரு ஆள். அதுக்குப் பிறகு ரெண்டு வருசமா ஒவ்வொரு கிழமையும் வந்து இந்தக் கல்லைத் தூசு தட்டினனான். உங்களைத் தேடி ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போன் எடுத்திருக்கலாம். ஹாஜியாரிட்டக் கேட்டா நம்பர் தந்திருப்பார். நான் மாஸ்டரைப் பற்றி, டீச்சரைப் பற்றி, ஹாஜியாரைப் பற்றி வீட்டில இருந்து கரிச்சுக் கொட்டிக்கொண்டிருந்தன். மற்றவனை அருவருத்துக்கொண்டிருந்தா நேரம் நல்லாப் போகும்.

அப்ப பள்ளம் என்னெண்டு வந்தது எண்டு கேக்கிறியள்.

தொண்ணூறில இயக்கப் பெடியள் துவக்கோட வந்து உங்கட ஆக்களை ஊரை விட்டுக் கலைச்ச நேரம் நாங்கள் கரையில நிண்டு பாத்தம். பெட்டி படுக்கை இல்லாமல் வள்ளங்களில ஏறிப் போனியள். ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல. பயம் எண்டு இப்ப சொல்லுறம். பயம்தான், பொய்யில்லை. பேந்து நாங்களும் ஓடினம். மடுக் கோயிலடியில அகதியா ரெண்டு வருசம் கிடந்து திரும்பி வந்தா எங்கட வீட்டில சுவர்தான் மிச்சம். உங்கட பக்கம் ஆக்களே இல்லை. கூரை ஓட்டை ஒராள் கழட்டினான், யன்னலை ஒராள், நிலையை ஒராள். களவு எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்லை. கிடந்தது, எடுத்தம் எண்டுதான் பேச்சு. என்ர மனுசன் எமிலியானுஸ் நல்ல மனுசன். ஓடு எடுக்கேல்ல, நிலை எடுக்கேல்ல. ஒரு கல்லு மட்டும் சைக்கிள் கரியல்ல கட்டி உருட்டிக்கொண்டு வந்தவர். கிணத்தடியில போட்டிட்டு, தோய்க்க ஒரு கல்லு இல்லை எண்டு நெடுக அழுதனி, இந்தா எண்டவர்.

எழுத்து மேல பாத்தபடி கிடந்தது. அரபு எழுத்து எண்டு தெரியாத ஆளில்லை நான். எங்க இருந்து வந்தது எண்டும் தெரியும். ஆற்ற எண்டுதான் தெரியாது, கேக்கவுமில்லை. எழுத்துப் பக்கத்தைக் கீழ பிரட்டிப் போடச் சொல்லியிருக்கலாம். யோசிச்சனான். ஆனா அந்தப் பக்கம்தான் சொரசொரப்பு, வெட்டு இருந்தா ஊத்தை நல்லாப் போகும். அதால அப்பிடியே விட்டன்.

பத்தொன்பது வருசம், தம்பி. மூண்டு பிள்ளையளின்ர பீத்துணி, மனுசன்ர மீன் நாறின சாரம், என்ர மாதத் துணி, எல்லாம் அதில. மிருதுவான சுண்ணாம்புக் கல்லு, கெதியாத் தேஞ்சுது. மட்டையில கடைசி வரி இருக்கு பாருங்கோ, மிச்ச எழுத்துகள் காலத்தால் அழிந்துள்ளன எண்டு. நான் அடிச்ச வசனம். காலம் ஒண்டும் செய்யேல்ல. சவுக்காரமும் என்ர கையும்தான்.

உங்கட ஆக்கள் திரும்பி வந்து காணி துப்பரவாக்கத் தொடங்கேக்க மனுசனுக்குப் பயம் வந்திட்டுது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பூசைக்குப் போன நேரம், ரெண்டுபேருமாத் தூக்கிக் கரியல்ல வைச்சுக் கொண்டுபோய் அந்தப் பனங்காணிப் பத்தைக்குள்ள தள்ளினம். மையவாடிக்குக் கொண்டுபோறதும் அதேயளவு தூரம்தான். பாவசங்கீர்த்தனத்தில சொன்னனான், பிறத்தியாற்ற பொருள் ஒண்டு வைச்சிருந்தனான் சுவாமி எண்டு. என்ன பொருள் எண்டு அவர் கேக்கேல்ல, நான் சொல்லேல்ல. மூண்டு அருள்நிறை மரியே சொல்லச் சொன்னவர். சொல்லிப்போட்டு வந்து புதுக் கல்லில உடுப்புத் தோய்ச்சனான்.

ஏசுங்கோ. ஏசமாட்டியளோ. சரி, அப்ப எழும்புங்கோ. சந்தியில ஓட்டோ நிக்கும், பின் படலைக்குக் கொண்டுவாங்கோ, திறப்பு என்னட்ட இருக்கு. அந்தப் பக்கம் நீங்கள் பிடிச்சா இந்தப் பக்கம் நான் பிடிப்பன், இதின்ர பாரம் எனக்குத் தெரியும். மாஸ்டருக்கு நான் மறுமொழி சொல்லுறன். நாளைக்கு வாற பெரிய ஆக்களுக்கும் நானே சொல்லுறன், கல்லு இல்லாட்டி மட்டையைத் திறந்து வைக்கட்டும். அருளம்மாவிட்டயும் பின்னேரம் போகவேணும்.

வாப்பா கேப்பார், இவ்வளவு காலமும் எங்க கிடந்தது எண்டு. கழகத்தில எண்டு சொல்லிப்போடாதேங்கோ, படுக்கையில கிடக்கிற மனுசனுக்குப் பொய் வேண்டாம். எமிலியானுஸ்ர பெண்சாதி யசிந்தாவின்ர கிணத்தடியில எண்டு சொல்லுங்கோ. இடம் விளங்கும் அவருக்கு. எண்பத்தஞ்சில அந்தக் கிணத்துக்குக் கட்டுக் கட்டித் தந்தது அவர்தான்.